பச்சிளங்குழந்தையின் வலியும் மயக்க மருந்தும்

பிறந்த குழந்தையின் நரம்பு மண்டலம் முதிராததால் அது வலியை உணராது என்றும், மயக்க மருந்தை அதன் உடல் தாங்காது என்றும் 1980-களின் நடுப்பகுதி வரை கருதிய மருத்துவர்கள் பலர், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தோடு மிகக் குறைந்த மயக்கமே கொடுத்து அறுவை சிகிச்சை செய்துவந்தனர். கன்வல்ஜீத் ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. இதயத்தை ஒட்டிய, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய இரத்தக் குழாயை அடைக்கும் அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் என்னும் வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு, உடல் துன்புறும்போது பெருகும் ஹார்மோன்களும் பின்விளைவுகளும் குறைந்திருந்ததை அது காட்டியது. வலியைத் தணிப்பது பாதுகாப்பின் ஒரு கூறே என்பதை உணர்ந்த இன்றைய மருத்துவம், எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிட்டு, மூச்சையும் இரத்த ஆக்சிஜனையும் இடைவிடாது கண்காணிப்பதோடு, சொல்லத் தெரியாத குழந்தையின் வலியை முகச்சுளிப்பு, அழுகை, இதயத்துடிப்பு ஆகியவற்றால் அளந்தறிவதையும் தன் கடமையாகக் கொள்கிறது.