பயண இழுவை வண்டியின் கழிவுநீர் அமைப்பு

பயண இழுவை வண்டி (டிராவல் டிரெய்லர்) என்பது கார் அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும், படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட நடமாடும் வீடாகும். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் விடுமுறைப் பயணங்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. சாக்கடை இணைப்பு எப்போதும் கிடைக்காது என்பதால், இவ்வண்டி தன் கழிவுநீரைத் தானே சுமந்து செல்கிறது.

தொட்டிகள்

வண்டியில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நன்னீருக்கு. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேர்வது சாம்பல் நீர்த் தொட்டி. கழிப்பறைக் கழிவு சேர்வது கருநீர்த் தொட்டி. கழிவுத் தொட்டிகள் பல வண்டிகளில் சுமார் 110 முதல் 150 லிட்டர் வரை கொள்ளும். வீட்டில் குளிப்பதுபோல் தாராளமாகக் குளித்தால் சாம்பல் நீர்த் தொட்டியே முதலில் நிறையும். நிறைந்த நீர், தாழ்வாக உள்ள குளியல் தரையில் மேலேறி வரும்.

கருநீர் வால்வு

முகாம்களில் சாக்கடைக் குழாயோடு இணைத்தவுடன் இரண்டு வால்வுகளையும் திறந்தே வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெருந்தவறு. அப்போது நீர் மட்டும் வடிந்துவிடும். மலமும் காகிதமும் கழிப்பறைக்கு நேர் கீழே குவிந்து, காய்ந்து, கல்போல் இறுகிவிடும். இவ்வடைப்பை நீக்குவது எளிதன்று. எனவே கருநீர் வால்வை மூடியே வைத்து, தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பின் ஒரே வேகத்தில் திறந்துவிட வேண்டும். அந்த வேகமே திடக்கழிவை இழுத்துச் செல்கிறது.

முதலில் கருநீர், அதன்பின் சாம்பல் நீர் என்பதே முறை. பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடுகிறது. குழாய் சரிவாக இருக்க வேண்டும்; கையுறை கட்டாயம். கழிவுக் குழாயை அலசும் ரப்பர் குழாயால் ஒருபோதும் குடிநீர் பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறக் குழாய்கள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கவனக்குறைவால் குடும்பம் முழுவதும் வயிற்றுப்போக்கால் அவதிப்பட நேரலாம். கழிவுநீரை அதற்கென அமைக்கப்பட்ட இறக்குமிடங்களில் மட்டுமே விட வேண்டும்.

பராமரிப்பு

காலி செய்த தொட்டியில் சில லிட்டர் நீரும் நொதி மருந்தும் இட வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்துகள் நாற்றத்தை அடக்கினாலும், செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லும், தவிர்ப்பதே சரி. விரைவில் கரையும் காகிதமே ஏற்றது. ஒரு துண்டை நீருள்ள புட்டியில் இட்டுக் குலுக்கினால் அது கரையுமா என்பது தெரிந்துவிடும்.

தொட்டி காலியான பின்னும் அளவுகாட்டி ‘நிறைவு’ என்று காட்டினால், பெரும்பாலும் உட்சுவரின் உணரிகளில் காகிதம் ஒட்டியிருக்கும். நன்கு அலச வேண்டும். வண்டி பல வாரம் நின்றபின் நாற்றம் வந்தால், கழுவுதொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் நீர் வற்றியிருக்கலாம். ஒரு குவளை நீர் ஊற்றினாலே போதும்.

உறைபனிக் காலத்திற்கு முன் தொட்டிகளைக் காலி செய்து, வளைகுழாய்களில் புரோபிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றி வைப்பர். கார் எஞ்சினுக்கான எத்திலீன் கிளைக்கால் நச்சுடையது. அதை இங்கே பயன்படுத்தக் கூடாது.