மருந்துப் பிழைகள்: தடுக்கும் வழிகளும் பாதிப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியவையும்

நோயைத் தணிக்கும் மருந்தே, அளவோ வேளையோ ஆளோ மாறினால் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும். இத்தகைய பாதிப்புகளில் பல, உரிய கவனத்தால் தடுக்கக்கூடியவை. இதனைக் கருத்திற்கொண்டு உலக சுகாதார அமைப்பு 2017-ஆம் ஆண்டில், தீங்கற்ற மருந்துப் பயன்பாட்டை வலியுறுத்தும் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. மருந்துப் பிழைகள் எவ்வாறு நேர்கின்றன, நோயாளியும் பராமரிப்பாளரும் அவற்றை எவ்வாறு தடுக்கலாம், பாதிப்பு நேர்ந்தால் என்ன செய்யலாம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

மருந்துப் பிழை என்றால் என்ன?

மருந்தைப் பரிந்துரைத்தல், எழுதுதல், வழங்கல், செலுத்துதல், உட்கொள்ளுதல் ஆகிய எந்த நிலையிலும் நேரும், தடுத்திருக்கக்கூடிய தவறே மருந்துப் பிழை. சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்தும் சிலருக்கு ஏற்படுவது பக்கவிளைவு, அது பிழையன்று. ஒரு மருத்துவரிடமோ மருத்துவமனையிடமோ எதிர்பார்க்கத்தக்க நியாயமான கவனம் தவறியதால் பாதிப்பு நேர்ந்தால், அது சட்டத்தின் பார்வையில் அலட்சியமாகும். சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது மட்டுமே அலட்சியத்திற்குச் சான்றாகாது.

கூடுதல் கவனம் தேவைப்படும் மூன்று சூழல்கள்

இன்சுலின்: நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. 40 அலகு இன்சுலினுக்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு நிறமாகவும், 100 அலகுக்குரியது ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும். 100 அலகு இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசிக்குழலில் 20 என்னும் கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 20 அலகு அன்று, 50 அலகு. இதனால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழலாம். குப்பியில் உள்ள எண்ணும் ஊசிக்குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்கவும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால்: சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. மருந்து உள்ளது. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. அல்லது 250 மி.கி. இருக்கும். சிரப் என எண்ணிச் சொட்டு மருந்தை 5 மி.லி. கொடுத்தால் குழந்தைக்கு 500 மி.கி. சென்றுவிடும். வீட்டுக் கரண்டியைத் தவிர்த்து, மருந்துடன் வரும் அளவியையே பயன்படுத்தவும்.

மெத்தோட்ரெக்சேட்: முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகியவற்றிற்கு இம்மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படுகிறது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம். எந்தக் கிழமை என்பதை மருந்துச்சீட்டிலும் அட்டையிலும் எழுதித் தருமாறு கேட்கவும். வாய்ப்புண், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுகவும்.

பிழையைத் தடுக்க நீங்கள் செய்யக்கூடியவை

• உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்திருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
• மருந்து ஒவ்வாமை இருப்பின், கேட்கப்படாவிட்டாலும் ஒவ்வொரு மருத்துவரிடமும் செவிலியரிடமும் தெரிவியுங்கள்.
• ஊசி போடும் முன், “இது என்ன மருந்து? எதற்காக?” எனக் கேளுங்கள். நோயாளியின் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இது அவமதிப்பன்று, உங்கள் உரிமை.
• வீடு திரும்பும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மருந்துகளைப் பழைய மருந்துகளுடன் ஒப்பிட்டு, எவற்றைத் தொடர்வது, எவற்றை நிறுத்துவது எனக் கேட்டறியுங்கள். ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் இருக்கக்கூடும்.
• ஐயம் எழுந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.

பிழை நேர்ந்துவிட்டால்

முதலில் உயிர், முறையீடு பிறகு. மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை இருப்பின் 108-ஐ அழைக்கவும். இன்சுலின் மிகுந்து நடுக்கமும் வியர்வையும் தோன்றினால், நினைவுள்ளவருக்குச் சர்க்கரை கலந்த நீர் கொடுக்கவும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கலாகாது. மருந்து அட்டை, குப்பி, சீட்டு, ரசீது ஆகியவற்றை வீசிவிடாமல் வைத்திருக்கவும். நடந்தவற்றை நேரத்துடன் அன்றே எழுதி வைக்கவும்.

அடுத்து, சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்துமூலம் கோருங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கோரினால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கோரிக்கையின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கு முறையிடலாம்?

• மருத்துவமனை நிர்வாகம்: முதல் புகாரை எழுத்துமூலம் இங்கு அளிக்கலாம். அரசு மருத்துவமனையெனில் அதன் முதல்வர் அல்லது கண்காணிப்பாளரிடம் அளிக்கலாம்.
• தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்: மருத்துவரின் தொழில்முறை நடத்தை குறித்து விசாரிக்கும், இழப்பீடு வழங்காது.
• மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு கோரி 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை வழங்கும் மருத்துவமனை இதில் அடங்காது. அந்நிலையில் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.
• காவல் துறை: குற்ற வழக்கிற்குக் கடும் அலட்சியம் இருக்க வேண்டும் என 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது.

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்னும் எண்ணில் அணுகலாம். பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்.

நினைவிற்கொள்க

மருந்துப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பதும், ஐயம் எழும்போது தயங்காமல் கேட்பதும் பல பாதிப்புகளைத் தடுக்கும். இன்றே உங்கள் வீட்டிலுள்ள மருந்துகளை எடுத்துப் பட்டியலிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது அதனைத் தவறாமல் காட்டுங்கள்.