பந்தியில் பக்கத்தில் இருப்பவர்

"திருவிருந்து ஞாயிறு வந்தாலே எனக்குப் பயம் அங்கிள். தகுதியில்லாமல் எடுத்தால் ஆக்கினை என்று வேதத்தில் இருக்கிறதே. அதனால்தான் எழுந்து போகாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்" என்றாய். ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது தம்பி. அதற்காகத்தான் கடைக்குக் கூட்டி வந்தேன். தே தாரே ஆறினால் ஆறட்டும், இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

உன்னைப் போல ஜொகூர் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போவார்கள், நடுவில் ஒருவர் மட்டும் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பயபக்தி உள்ளவர்தான். வீட்டில் கோபத்தில் ஒரு வார்த்தை பேசியிருப்பார், விட்டுவிட்டேன் என்று சொன்ன சிகரெட்டைத் திரும்பத் தொட்டிருப்பார், அது நெஞ்சில் உறுத்தும். உறுத்தல் இல்லாதவர்கள் ஒரு யோசனையும் இல்லாமல் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கை யாரைத் தடுக்க வேண்டுமோ அவரைத் தடுக்காமல், ஆறுதல் தேவைப்படுகிறவரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நீ பயப்படுகிற அந்த வசனம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. வசனத்தை மட்டும் தனியாக எடுக்காமல், பத்து வசனம் மேலே போய் அங்கிருந்து வாசி. பவுல் எதற்காகக் கோபப்படுகிறார் என்று தெரியும்.

அந்தக் காலத்தில் கோயில் கட்டடம் கிடையாது. வசதியான ஒருவர் வீட்டில்தான் சபை கூடும். சாப்பாடும் திருவிருந்தும் ஒரே வேளையில் நடக்கும். ரோமர் காலத்துச் சாப்பாட்டறையில் மூன்று பக்கம் மூன்று மஞ்சம், மஞ்சத்துக்கு மூன்று பேர், ஆக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம் என்பது வழக்கமான கணக்கு. மிச்சம் இருப்பவர்களுக்கு முற்றம்தான். உள்ளே யார் இருந்திருப்பார்கள், முற்றத்தில் யார் நின்றிருப்பார்கள் என்று நீயே ஊகிக்கலாம். வேலை இல்லாத வசதிக்காரர்கள் நேரத்தோடு வந்து, கொண்டு வந்ததைத் தின்று குடித்து முடித்துவிடுகிறார்கள். எஜமானன் விட்ட பிறகுதான் வர முடிகிற அடிமைகளும் கூலிகளும் வரும்போது தட்டு காலி. ஒருவன் பசியோடு நிற்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான். இதைப் பார்த்துவிட்டுத்தான் பவுல், நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிற பொருள்பட எழுதுகிறார். எச்சரிக்கை அதற்குப் பின்னால் வருகிறது. அதிகாரத்தை அவர் முடிப்பதும், கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்ற புத்தியோடுதான்.

அப்படியானால் அவர் கண்டித்த பாவம், பக்கத்தில் இருக்கிற சகோதரனை இல்லாதவனாக நடத்தியது. தன்னைத்தான் சோதித்து அறியவேண்டும் என்று அவர் சொன்னதையும் அந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். உன் தனிப்பட்ட பாவங்களை எண்ணிப் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பாவ அறிக்கை ஜெபம் இருக்கிறது, கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சோதித்திருக்கிறாய். யாரைக் காக்க வைத்தோம், யாரை முற்றத்தில் நிறுத்தினோம் என்பது மறுபாதி. தகுதி வந்த பிறகு வருகிறேன் என்று ஒதுங்குகிறவர்களிடம் ஜான் வெஸ்லி மிகவும் கண்டிப்பாக இருந்தார். இடைவிடாமல் திருவிருந்தில் பங்குபெறுவது கடமை என்று இளவயதில் ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்காக எழுதியதை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1780-களில், கருத்து மாறவில்லை என்று சொல்லி வெளியிட்டார். மன்னிப்பு தேவைப்படுகிறவனுக்குத்தானே அந்தப் பந்தி.

கொரிந்து ஏதோ தூரத்து ஊர் என்று நினைக்காதே. நம் சபையில் தாமதமாக வருகிறவர்கள் யார் என்று பார். ராத்திரி முழுவதும் ஜாகா வேலை பார்த்துவிட்டு வருகிறவர், பாசிர் கூடாங்கில் ஷிப்ட் முடித்து வருகிறவர், விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் கண் விழிக்க முடியாதவர். அவர் கதவைத் திறந்து நுழையும்போது நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத்தான் நான் சொல்கிறேன்.

நம்மவர்கள் இதில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு வடக்கன்குளத்தைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம். 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022 மே மாதம் வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை நாமெல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார் என்பதை அவருடைய பெருமையாகச் சொன்னார்கள். அதே ஊரில் 1870-களில் ஒரு கோயில் கட்டினார்கள். கோயிலுக்கு ஒரே பீடம், ஆனால் இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் கோணமாக விரிந்து போகும், நடுவே சுவர். ஒரு கூடத்தில் வேளாளர், மற்றதில் நாடார். பீடத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது இரண்டு கூடத்தாருக்கும் தெரியும், ஒரு கூடத்தார் மறு கூடத்தாருக்குத் தெரியமாட்டார்கள். விரித்துப்போட்ட கால்சட்டை போல என்று அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். சுவர் எழுப்பியவர்கள் நம்பிக்கை இல்லாதவர்கள் அல்லர். முழங்கால் தேய ஜெபம் செய்தவர்கள், நோன்பு இருந்தவர்கள். நற்கருணையில் ஆண்டவர் எழுந்தருளியிருக்கிறார் என்று முழுமனதோடு நம்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டிருப்பவனிடமும் அவர் இருக்கிறார் என்பதுதான் அவர்களுக்கு எட்டவில்லை.

1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்ததோடு முடிந்ததா? இல்லை. சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று மேல்சாதியார் ஆயர்மேல் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தோற்றார்கள். கிறிஸ்துவின் பந்தியில் யாரோடு உட்காருவது என்பதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

கத்தோலிக்கர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதே. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, திருவிருந்துக்கு வருவதிலும் வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் குடும்பம் குடும்பமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடுகிற பாட்டுகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம் நின்றார். அவர் பாடல்களை நான் விடமாட்டேன், ஆனால் இதில் அவரோடு உடன்பட என்னால் முடியாது. வெளியேறியவர்களில் பலரை, சாதி வழக்கத்தைச் சமூகப் பழக்கம் என்று பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது. அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களும், அவர்களால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்களும் பின்னால் ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்தார்கள். மலாயாத் தமிழ் லுத்தரன்கள் 1960-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டுச் சபையோடு சேர்ந்தே இருந்தவர்கள். தோட்டத்துப் பால்மரக் காட்டில் பல வேறுபாடுகள் தேய்ந்துபோயின, உண்மை. முழுக்கப் போகவில்லை. ஒரே தட்டில் அப்பம் எடுத்தவர்கள், பெண் கேட்டு வரும்போது "அவங்க என்ன ஆளுங்க?" என்று மெதுவாக விசாரிப்பதை நீயும் கேட்டிருப்பாய். சுவர் இல்லாமலேயே வடக்கன்குளம் வந்துவிடுகிறது பார்.

இன்னொரு பிரிவு, நீ கேட்டதில் ஒட்டிக்கொண்டிருப்பது. உன் அம்மா வழி கத்தோலிக்கர், அப்பா மெதடிஸ்ட், அக்கா கல்யாணமாகிப் பெந்தெகொஸ்தே சபையில். ஜொகூரில் பாதித் தமிழ்க் குடும்பம் இப்படித்தான். பாட்டியின் நினைவுத் திருப்பலியில் யார் முன்னால் போவது, யார் உட்கார்ந்திருப்பது என்று தடுமாறுகிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன் பந்தியைத் தன்னோடு முழு ஒன்றிப்பில் இருப்பவர்களுக்கு என்று வைத்திருக்கிறது, மெதடிஸ்ட் பந்தி பொதுவாகத் திறந்தது. கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகும்போது அந்த வீட்டு ஒழுங்கை மதித்து உட்கார்ந்திரு. உனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. சேர்ந்து எடுக்க முடியவில்லையே என்ற வலி இருக்கட்டும், அந்த வலி நல்லது.

அந்த வலியிலிருந்துதான் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடி, எங்களைப் பிரித்திருக்கும் பிரிவினைகள் எங்கள் மண்ணில் உண்டானவை அல்ல என்று அறிவித்தவர்களில் அவர் முக்கியமானவர். பேச்சு வார்த்தை இருபத்தெட்டு ஆண்டு நடந்தது. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அசரியா இரண்டு ஆண்டுக்கு முன்பே காலமாகிவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. லுத்தரன்கள் சேரவில்லை, அது இன்னும் மிச்சம் இருக்கிற வேலை.

அந்தத் திருச்சபை 1950-இல் அமைத்த திருவிருந்து முறைமையில் ஒன்றை உனக்குக் காட்டுகிறேன், கையை நீட்டு. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. சமாதானம் சொல்கிறவர் தன் வலது உள்ளங்கையை மற்றவருடைய வலது உள்ளங்கையில் வைக்கிறார். பிறகு இருவரும் இடது கையால் மற்றவர் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். இப்படி. போதகரிடமிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரை போகும். காணிக்கை படைப்பதற்கு முன்னால் இது வருகிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயுவில் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு அது. நம் சபையில் சின்னச் சின்ன தனிக் கிண்ணங்களில் திராட்சரசம் கொடுக்கிறோம். நோய்ப் பயத்தால் 1890-களில் அமெரிக்காவில் பரவிய வழக்கம். பெருந்தொற்றுக்குப் பிறகு அதைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒரே பாத்திரம் என்ற காட்சி போய்விட்ட இடத்தில், கையோடு கை சேர்க்கிற இந்தக் காட்சியாவது இருக்க வேண்டும்.

சரி, இப்போது நீ வாய்விட்டுச் சொல்லாததற்கு வருகிறேன். பின்வரிசையில் உட்கார வைப்பது சிகரெட் மட்டும் இல்லை. அப்பா வீட்டு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்றுபோனது எனக்குத் தெரியும். அவன் நாலு வரிசை தள்ளி இருக்கிறான், நீ அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. இதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதே. பாவ அறிக்கைக்கும் திருவிருந்துக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீட்டுப் பங்கு பேசி முடிக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் போன் போடு. வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், யார் சரி என்றும் பேச வேண்டாம். "நாளைக்குத் திருவிருந்துண்ணே, ரெண்டு பேரும் சேர்ந்து போவோமா?" என்று மட்டும் கேள்.

அவன் எடுக்கவில்லை என்றால்? ஒரு செய்தி அனுப்பிவிட்டு, நீ எழுந்து முன்னால் போ. உன்னால் ஆன மட்டும் சமாதானமாயிருக்கத்தான் உனக்குக் கட்டளை, அவன் மனதைத் திருப்புவது உன் கையில் இல்லை. போகும்போது அவன் வரிசையைச் சுற்றிக்கொண்டு போகாமல், அவன் பக்கத்து வழியாகவே நடந்து போ.