சக்கரத்தில் சத்தம் கேட்டால் சரக்கை ஏற்றாதீர்!

விருதுநகரில் மொத்த வியாபாரம் செய்பவர்களானாலும், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்துபவர்களானாலும், சரக்கு வண்டி இல்லாமல் நமக்குத் தொழில் இல்லை. எஞ்சினையும் டயரையும் பார்க்கும் நாம், சக்கரத்துக்குள் மறைந்திருக்கும் பேரிங்கை மறந்துவிடுகிறோம்.

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். தீபாவளிக்கு முந்திய வாரம். "அண்ணாச்சி, முன் வீல்ல ஒரு சத்தம் வருது, பாத்துருவோமா?" என்று டிரைவர் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சீசன் முடியட்டும்பா" என்று நாம் தள்ளிப் போட்டோம். துவரம் பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றிச் சிவகாசிக்குப் போன வண்டி, ஆமத்தூர் தாண்டியதும் கிரீஸ் கருகும் வாடையோடு நின்றது. முன் சக்கரத்தின் நடுப்பகுதி தொட முடியாத சூட்டில் இருந்தது. போகும்போது ஏற்றியது பருப்பு. திரும்பும்போது ஏற்றவிருந்தது பட்டாசுப் பெட்டிகள்! பேரிங் சூடேறினால் கிரீஸும் டயரும் தீப்பிடிக்கக் கூடும். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

சாய்வான உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்குக்கு அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்றார். மேலிருந்து அழுத்தும் சுமை, திருப்பத்தில் பக்கவாட்டில் தள்ளும் சுமை இரண்டையும் இது தாங்கும். பாப்கேட் என்று நாம் சொல்லும் சிறு லோடர்களின் அச்சிலும் பேரிங்தான் சுமையைத் தாங்குகிறது. இவ்வகை வண்டியின் முன்னோடியை, வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக, கெல்லர் சகோதரர்கள் 1957-ல் மின்னசோட்டா மாநிலத்தில் செய்தார்கள். அதன் சக்கரங்கள் ஒடியாமல், தரையில் இழுபட்டே திரும்பும். அதனால் அச்சு பேரிங்குக்குப் பக்கச் சுமை மிக அதிகம். லோடரை வாடகைக்கு எடுப்பவர்களும் சக்கர ஆட்டத்தையும், அச்சருகே எண்ணெய்க் கசிவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பேரிங் தேய்வதற்குக் காரணங்கள் நான்கு: அதிகப் பாரம், கிரீஸ் வற்றுதல், சீல் கிழிந்து தூசியும் தண்ணீரும் புகுதல், நட்டை அளவுக்கு மீறி இறுக்குதல். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்திருக்கிறார்.

சோதிப்பது எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டு கொடுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ உடனே பிரிக்க வேண்டும்.

மாற்றும்போது மெக்கானிக்கின் அருகில் நின்று இவற்றைக் கவனியுங்கள்:

1. பழைய கிரீஸை முழுதும் கழுவ வேண்டும். இந்த வேலையைப் பட்டாசோ தீயோ இருக்கும் இடத்துக்கு அருகில் செய்யக் கூடாது.

2. உருளைப் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, ஹப்புக்குள் உள்ள பழைய கப்பை விட்டுவைக்கக் கூடாது. இரண்டும் ஜோடி.

3. அச்சு முனை நீலம் பாரித்திருந்தாலோ, வரி விழுந்திருந்தாலோ புது பேரிங்கும் நிலைக்காது.

4. உருளைகளுக்கு இடையே கிரீஸ் ஏறும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். ஹப் முழுவதையும் கிரீஸால் அடைத்தால் சூடுதான் ஏறும்.

5. சீலும் காட்டர் பின்னும் புதிதாகவே போட வேண்டும். சீல் கசிந்தால் பிரேக் லைனிங்கில் கிரீஸ் படிந்து பிரேக் பிடிக்காது.

6. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கம்பெனி சொல்லும் அளவுக்கு வைக்க வேண்டும். சக்கரம் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

சில புதிய வண்டிகளில் பேரிங் ஒரே யூனிட்டாக வரும். அதைப் பிரித்து கிரீஸ் வைக்க முடியாது. முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

விலை மலிவு என்று போலி பேரிங் வாங்காதீர்கள். நம் கடையில் கலப்படச் சரக்கை ஏற்போமா? பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். மாற்றிய பின் சிறிது தூரம் வெறும் வண்டியாக ஓட்டி, ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடென்றால் திரும்பவும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்று வண்டி இரண்டு நாள் நின்றது. சரக்கு வாடகை வண்டியில் போனது. பேரிங்கின் விலையைவிட அந்த வாடகை அதிகம். உறுப்பினர்கள் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டுகிறோம். டிரைவர் "சத்தம் வருது" என்று சொன்னால், அன்றைக்கே காது கொடுங்கள்.