லாரி லைசென்ஸ் கேட்ட சொகுசு கார்!

ஆசை ஆசையாக ஒரு கார் வாங்குகிறீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததும், "கார் லைசென்ஸ் பத்தாது தம்பி, லாரி லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

சிரிக்காதீங்க. 1930-களில் ஜெர்மனியில் நிஜமாகவே இந்தக் கூத்து நடந்தது. காரின் பெயர், மேபாக் செப்பலின். எடை சுமார் மூன்று டன். அந்த ஊர் சட்டப்படி அது கிட்டத்தட்ட லாரி!

கதை ஒரு அநாதைச் சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. வில்ஹெல்ம் மேபாக்குக்குப் பத்து வயதிலேயே அப்பா, அம்மா இருவரும் இல்லை. ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தார். அங்கே இருந்த பட்டறையில்தான் காட்லீப் டைம்லரின் நட்பு கிடைத்தது. பிற்பாடு, முதல் மெர்சிடிஸ் காரை வடிவமைத்ததே இந்த மேபாக்தான். ஆனாலும் டைம்லர் மறைவுக்குப் பிறகு கம்பெனியில் ஓரங்கட்டப்பட்டு, 1907-ல் மனக்கசப்போடு வெளியேறினார். அப்போது வயது 61!

நம்மாளா இருந்தா ஈஸி சேரைத் தேடியிருப்பார். மனுஷன் அசரலை. 1908-ல் செப்பலின் பிரபுவின் ராட்சத ஆகாயக் கப்பல் ஒன்று எரிந்து சாம்பலானது. 'இதைவிட நல்ல இன்ஜின் நாங்க தர்றோம்' என்று முன்வந்தார். 1909-ல் புதுக் கம்பெனி பிறந்தது. மகன் கார்ல் பொறுப்பேற்றார்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. 1919 வெர்சாய் ஒப்பந்தம், 'இனி விமான இன்ஜின் செய்யக் கூடாது' என்று கையைக் கட்டிப்போட்டது. கார்ல் கார் பக்கம் திரும்பினார். 1921 பெர்லின் கண்காட்சியில் முதல் மேபாக் கார் வந்து நின்றது.

1929-ல் 'கிராஃப் செப்பலின்' ஆகாயக் கப்பல் ஐந்து மேபாக் இன்ஜின்களோடு உலகையே சுற்றி வந்தது. அந்த டிசம்பரில் அப்பா மேபாக் கண்மூடினார். அந்தக் கப்பலின் பெயரைத்தான் தன் 12 சிலிண்டர் காருக்கு வைத்தார் கார்ல். அதில் உச்சம், டி.எஸ்.8. எட்டு லிட்டர் இன்ஜின், 200 குதிரைசக்தி!

இன்னொரு விசேஷம்... மேபாக் தந்தது இன்ஜினும் சேஸிஸும் மட்டும்தான். பாடி கட்டியது வேறு பட்டறைகள். கல்யாணச் சட்டை மாதிரி, ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்தது! செப்பலின் ரகத்தில் வந்தவை இருநூறுக்கும் குறைவு. எல்லா மேபாக் கார்களையும் சேர்த்தாலே சுமார் 1,800தான்.

அப்புறம் ஹிட்லர் காலம். அடுத்த போர். கார் நின்றது. அதே கம்பெனியின் இன்ஜின்கள் டைகர், பாந்தர் டாங்குகளில் உறுமின. தொழிற்சாலையில் அடிமைகளைப் போல வேலை வாங்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒரு போரின் தோல்வியில் பிறந்த காரை அடுத்த போர் விழுங்கிவிட்டது. கார்ல் மறுபடி கார் செய்யவே இல்லை.

1960-ல் கார்ல் மறைந்தார். அதே வருடம் கம்பெனி யார் கைக்குப் போனது தெரியுமா? அப்பா மனம் கசந்து வெளியேறிய அதே டைம்லர் கையில்! 2002-ல் மேபாக் பெயரில் கார் விட்டார்கள். பத்தே வருடத்தில் மூடுவிழா. 2014 முதல் 'மெர்சிடிஸ்-மேபாக்' என்று ஒட்டிக்கொண்டு வருகிறது அந்தப் பெயர்.

அடுத்த தடவை அந்தக் காரைப் பார்த்து "செம வண்டி மச்சி!" என்று விசிலடிக்கும்போது, அந்தப் பத்து வயசுப் பையனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. அந்த டாங்குகளையும்தான்.