நாற்பதுக்குப் பின் ஒரு தற்காப்புக் கலை: எதைத் தெரிவுசெய்வது?

மாலை வேளையில் மகனைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு, வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருக்கும் வாப்பாமாரை நமது ஊர்களில் காணலாம். “நமக்கும் ஆசைதான், ஆனால் வயது போய்விட்டதே” என்பது அவர்களில் பலரின் பெருமூச்சு. நீங்களும் அப்படி எண்ணுபவராயின், இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றின்போது அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் தடவை ஆயிஷா (ரழி) வென்றார்கள். சில காலத்தின் பின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ள இச்சம்பவம் மதீனா வாழ்க்கையில் நடந்தது. அதாவது, நபியவர்கள் ஐம்பது வயதைக் கடந்திருந்த காலம் அது. உடலைப் பேணுவது வாலிபர்களுக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணுவதற்கு நியாயமில்லை.

ஆயினும் இருபது வயது இளைஞன் தெரிவுசெய்வதுபோல் நாற்பத்தைந்து வயதுக்காரர் தெரிவுசெய்ய முடியாது. “எந்தக் கலை எந்தக் கலையை வெல்லும்?” என்பது இளைஞர்களின் கேள்வி. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: “பத்து வருடங்களின் பின்னும் என்னால் இதைச் செய்துகொண்டிருக்க முடியுமா?”

எதிரி யார்?

நடுவயதில் நம்மைத் தாக்க வருபவன் பெரும்பாலும் தெருச் சண்டியன் அல்லன். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தொப்பை, முழங்கால் நோவு ஆகியவையே நமது எதிரிகள். இன்னும் ஓர் எதிரி இருக்கிறது. அது வழுக்கி விழுதல். முதுமையில் குளியலறையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் பழையபடி எழுந்து நடக்காதவர்கள் பலர். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பின் பலம் வேகமாகக் குறைவதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கால்களின் பலம், உடலின் சமநிலை, விழ நேர்ந்தால் அடிபடாமல் விழும் பழக்கம் ஆகிய மூன்றும்தான் ஐம்பதை நெருங்குபவருக்குத் தேவையான உண்மையான தற்காப்பு. கலையைத் தெரிவுசெய்யும்போது இந்த அளவுகோலைக் கையில் எடுங்கள்.

முதலில் வைத்தியரிடம்

வகுப்பில் சேருமுன் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுகினால், வைத்தியர் அனுமதிக்கும் வரை எதையும் ஆரம்பிக்க வேண்டாம். அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தள்ளுவதும் மல்லுக்கட்டுவதும் ஆபத்தானது. அச்சமயத்தில் அழுத்தம் சட்டென்று உயரும்.

நீரிழிவுக்காரர் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்றுண்டு. இக்கலைகளில் பெரும்பாலானவை வெறுங்காலுடன் பயிலப்படுபவை. பாதம் மரத்துப்போனவருக்குச் சிறு கீறல் பட்டாலும் தெரியாது. அது புண்ணாகி, காலையே இழக்க நேரிடலாம். எனவே மிருதுவான சப்பாத்து அணிய அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு வகுப்பின் பின்னும் பாதங்களைப் பாருங்கள். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்கள், பயிற்சியின்போது சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், இனிப்பான ஏதாவது கைவசம் வைத்திருக்க வேண்டும்.

நான்கு வழிகள்

தாய் சீ: சீனாவில் தோன்றியது. மெதுவாக, தொடர்ச்சியாக அசையும் கலை. 1956இல் சீனாவில் 24 அசைவுகளாகச் சுருக்கப்பட்ட வடிவமே இன்று உலகெங்கும் ஆரம்பப் பயிலுனர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. முதியோர் விழுவதை இது குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல், முழங்கால் தேய்வுக்கு இதனை உறுதியாகப் பரிந்துரைத்தது. சண்டைக்கு இது உடனே உதவாது. ஆனால் முழங்கால் நோவும் கூடிய உடற்பருமனும் உள்ளவர்கள் இங்கிருந்து ஆரம்பிப்பதே புத்தி. முழங்காலை ஆழமாக மடிக்காமல் உயர நின்றே செய்யலாம்.

கராத்தே: ஒகினாவா தீவில் வளர்ந்தது. அங்கு பாடசாலை ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி 1922இல் அதனைத் தோக்கியோவுக்குக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 53. சிறு வயது முதல் பயின்றவர்தான். எனினும் அந்த வயதில் அந்நியமான ஒரு நகரில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். கராத்தேயில் மூன்று பகுதிகள் உண்டு: அடிப்படை அசைவுகள், ‘கத்தா’ எனும் தனிமனிதத் தொடர் அசைவுகள், எதிராளியுடன் மோதும் ‘குமித்தே’. நடுவயதினருக்கு முதலிரண்டும் பெரும் பயன் தருபவை. கத்தாவை வீட்டு முற்றத்திலும் செய்யலாம். உதையைத் தலையளவுக்கு உயர்த்த வேண்டும் என்று கட்டாயமில்லை, இடுப்பளவு போதும். முழுப் பலத்துடன் அடித்துப் பயிலும் பிரிவுகளை மட்டும் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

ஜூடோ: ஜப்பானியரான கானோ ஜிகோரோ 1882இல் உருவாக்கியது. இளமையில் மெலிந்த, பலவீனமான உடல் வாய்ந்தவர் அவர். அந்தக் குறையைப் போக்கவே பழைய மல்லுக்கலையைக் கற்கப் போனார். ஜூடோவில் முதற்பாடமே விழுவதுதான். தலை நிலத்தில் படாமல் நாடியை நெஞ்சோடு சேர்த்து, உருண்டு, கையால் மெத்தையில் அறைந்து விழப் பழக்குவார்கள். நமது அளவுகோலின்படி இது பெரும் செல்வம். ஆனால் பிறர் தூக்கி எறிய விழுவது வேறு. தோள், கழுத்து, முழங்கால் ஆகியவற்றுக்கு அது பாரமானது. ஆகவே முதற் சில மாதங்கள் விழும் பயிற்சி மட்டுமே செய்ய ஆசிரியர் சம்மதித்தால் சேருங்கள். சீமெந்துத் தரையில் மெல்லிய பாய் விரித்துப் பழக்கும் இடமாயின் திரும்பி வந்துவிடுங்கள்.

சீனடியும் சிலம்பமும்: கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் கலியாண வைபவங்களில் ஆடிக்காட்டப்பட்டு வந்த நமது சொந்தக் கலைகள் இவை. கம்பு சுழற்றுவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி. எதிராளி இல்லாமலும் பயிலலாம், செலவும் குறைவு. உங்கள் ஊரில் இதனை அறிந்த மூத்தவர் எவரும் இருந்தால், அவரிடம் கற்பது உங்கள் உடலுக்கு மட்டுமன்றி, அருகிவரும் அக்கலைக்கும் செய்யும் உதவியாகும்.

மார்க்க வரம்புகள்

சேருமுன்னர் சில விடயங்களைப் பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள். ஜப்பானியக் கலைகளில் வகுப்பின் ஆரம்பத்திலும் முடிவிலும் குனிந்து வணங்கும் வழக்கமுண்டு. சில இடங்களில் கலையின் ஸ்தாபகரது படத்தை நோக்கியும் குனிவர். ருகூஃவும் ஸுஜூதும் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியவை. எனவே, “நான் ஸலாம் கூறியோ கைகொடுத்தோ மரியாதை செலுத்துகிறேன்” என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லுங்கள். ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

சண்டையிடும்போது முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. முகத்தில் குத்துவதைப் பயிற்சியாகவே கொண்ட வகுப்புக்களை விட்டு விலக இதுவே போதுமான காரணம். அவ்ரத்தை மறைக்கும் உடை, தொழுகைக்கான நேரம், சகோதரிகளாயின் பெண்களுக்கெனத் தனி வகுப்பும் பெண் பயிற்றுவிப்பாளரும் ஆகியவற்றையும் உறுதிசெய்து கொள்ளுங்கள். தனி வகுப்பு இல்லாத ஊரில், நான்கைந்து சகோதரிகள் ஒன்றுசேர்ந்து ஒரு பெண் பயிற்றுவிப்பாளரை வீட்டுக்கே அழைத்துக் கற்கலாம்.

கலையை விட ஆசிரியர் முக்கியம்

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை முழுமையாக அமர்ந்து பாருங்கள். உங்கள் வயதை ஒத்தவர்கள் அங்கு இருக்கிறார்களா? “முழங்கால் நோகிறது” என்று ஒருவர் சொன்னால் ஆசிரியர் மாற்றுப் பயிற்சி கொடுக்கிறாரா, அல்லது கேலி செய்கிறாரா? ஆரம்பத்தில் உடலைச் சூடாக்க நேரம் ஒதுக்குகிறாரா? மூத்த மாணவர்கள் புதியவர்களை மெதுவாகக் கையாளுகிறார்களா? இக்கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்தால், பெயர்ப்பலகையில் எந்தக் கலையின் பெயர் இருந்தாலும் சேரலாம். குறுகிய காலத்தில் கறுப்புப் பட்டி தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து விலகிக் கொள்ளுங்கள்.

சேர்ந்தபின் கிழமைக்கு இரண்டு நாட்கள் போதும். பயிற்சியால் தசை சீக்கிரம் பலம்பெறும். ஆனால் தசைநாண்கள் பலம்பெறப் பல மாதங்கள் எடுக்கும். “இப்போது நன்றாக இருக்கிறதே” என்று இரண்டாம் மாதத்தில் வேகத்தைக் கூட்டுபவர்களே பெரும்பாலும் காயப்படுகிறார்கள். பயிற்சியில்லாத நாட்களில் அரைமணி நேரம் நடவுங்கள். நோன்பு காலத்தில் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பின்னர் வைத்துக் கொள்ளுங்கள், அல்லது அம்மாதத்தில் மெதுவான அசைவுகளோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிறரை மல்லுக்கட்டி வீழ்த்துபவன் பலசாலி அல்லன், கோபம் வரும்போது தன்னைக் கட்டுப்படுத்துபவனே பலசாலி என்ற நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். கடையில், காரியாலயத்தில் பட்ட எரிச்சலை வீட்டுக்குள் கொண்டுவந்து மனைவி மக்கள் மீது கொட்டும் பழக்கம் நடுவயதில் நம்மில் பலருக்கு உண்டு. மூச்சைக் கவனித்து, அடிக்க ஓங்கிய கையை ஓரங்குலம் முன்னால் நிறுத்தப் பழகும் மனிதன், ஓங்கிய குரலையும் நிறுத்தப் பழகலாம். ஆறு மாதப் பயிற்சியின் பின் உங்கள் முன்னேற்றத்தைப் பற்றி ஆசிரியரிடம் மட்டும் கேட்காதீர்கள், வீட்டாரிடமும் கேளுங்கள்.

இந்த வாரமே ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். ஆரோக்கியம் என்னும் அமானிதத்தைப் பேணி, நின்று தொழும் பலத்தை இறுதிவரை பெற்றவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக!