நான் படிப்பது மாட்டு டாக்டர் படிப்பு அல்ல

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், "மாட்டு டாக்டருக்குத்தானே படிக்கிற?" என்று கேட்காத உறவினர் இல்லை. இல்லை என்றால், "அப்போ மாடு மேய்க்கவா?" என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு துறை இருப்பதை நம்மவரில் பலர் அறியாததால்தான் இதை எழுதுகிறேன்.

செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய இடத்தில் கால்நடை அறிவியல் பயில்கிறேன். இங்கே கால்நடை மருத்துவம் தனிப் புலம், ஐந்தாண்டுப் படிப்பு. எங்களுடையது விவசாயப் புலத்தில் நான்காண்டு. நோய் கண்ட விலங்கை மருத்துவர் பார்ப்பார். நல்ல நிலையில் உள்ள விலங்குக்கு என்ன தீனி, எவ்வளவு, எந்த இனத்தோடு எதைக் கலப்பது என்பவை எங்கள் பாடங்கள். வேதியியலும் புள்ளியியலும் நிறைய உண்டு. விலங்குப் பாசம் மட்டும் போதும் என்று வருபவர்கள் முதல் பருவத்திலேயே திணறுவார்கள். நானும் திணறினேன்.

இப்படிப்பின் அருமையை எனக்கு உணர்த்தியது தீவனப் பாடம்தான்.

நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, தோட்டத்தில் மாமா வளர்த்த பன்னிரண்டு செம்மறியாடுகளில் ஏழு ஒரே வாரத்தில் இறந்தன. கண்கள் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று மாமா முடிவு கட்டினார். வேலித் தகராறு ஏற்கெனவே இருந்தது. அன்றிலிருந்து இரு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை.

இரண்டாம் ஆண்டில் விரிவுரையாளர் செம்பனை விதைப் புண்ணாக்கைப் பற்றிப் பாடம் நடத்தினார். நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் தீனி அது. புரதம் ஏறக்குறைய 16 விழுக்காடு. மாட்டுக்கு அதை நிறையவே கொடுக்கலாம். ஆனால், அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கிறது. செம்மறிக்குத் தேவைப்படுவதோ அதில் பாதிகூட இல்லை. மிஞ்சும் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறனும் அதற்குக் குறைவு. அதனால் செம்பு ஈரலில் மாதக்கணக்கில் சேர்கிறது. வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. ஏதோ ஒரு நாள் ஈரல் தாங்காமல் செம்பை இரத்தத்தில் கொட்டிவிட, சிவப்பணுக்கள் உடைகின்றன. கண் மஞ்சளாகும், சிறுநீர் நிறம் மாறும், ஓரிரு நாளில் மரணம்.

எழுதிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. மாமா மாட்டுக்கு வாங்கிய அதே மூட்டையைத்தான் ஆடுகளுக்கும் போட்டார். "மாடு நல்லா கொழுக்குதே" என்று பெருமையாகச் சொல்லுவார்.

ஈரலைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் பாடத்தில் உண்டு. ஆனாலும் அன்றிரவே மாமாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். செம்மறித் தீனியில் இந்தப் புண்ணாக்கு 30 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது, மாலிப்டினமும் கந்தகமும் அளவோடு சேர்ந்தால் செம்பு உடலில் ஏறாமல் தடுக்கும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

"அப்படின்னா அவன் வைக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"வச்சிருக்க மாட்டார் மாமா," என்றேன்.

அந்தத் தீபாவளிக்கு அத்தை சுட்ட முறுக்கு அடுத்த வீட்டுக்கும் போனது. மாமா கொண்டுபோகவில்லை, என்னைத்தான் அனுப்பினார்.